பத்து நிமிட இடைவேளை

பதப்படுத்தும் ஆலையின் மேசையில் சுட்ட குடமிளகாய் கூடை கூடையாக வந்து விழுந்தது. வெலிச்கா தோலை உரித்து, விதையை வழித்து, ஜாடிக்குள் திணித்தாள். விரல் நுனிகள் வெந்து சிவந்திருந்தன.

முப்பது வருடம் சிகரெட் பிடித்தவள், விட்டு இன்றோடு முப்பத்தெட்டு நாள். வெறும் மாத்திரையோடு இரண்டு தடவை முயன்று தோற்றிருந்தாள். இந்த முறை நுரையீரல் மருத்துவர் மாத்திரையோடு மின்சிகரெட்டையும் சேர்த்துக் கொடுத்தார். அது கைகொடுத்தது. இரவில் இருமல் குறைந்து தூங்க ஆரம்பித்திருந்தாள்.

போன வாரம் மேற்பார்வையாளன் காரமிஹோவ் புது உத்தரவு போட்டான். பேட்டரி சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது. மின்சிகரெட் வாசல் காவலாளியின் மேசைக்குள் போனது. வாசலுக்குப் போய்வரவே எட்டு நிமிடம். இடைவேளை பத்து.

மணி அடித்தது. மற்றவர்கள் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ச் சிகரெட்டைப் பற்றவைத்தார்கள்.

"அக்கா, எதுக்கு இப்படி ஓடிச் சாகுற? இந்தா, ஒண்ணு இழு" என்று பக்கத்து மேசை டோன்கா சிகரெட் பெட்டியை நீட்டினாள்.

"வேணாம்டி. அதைத் தொட்டா திரும்ப முதல்ல இருந்துதான்."

வெலிச்கா ஓடினாள். காவலாளி சாவியைத் தேடி எடுக்கவே நேரம் போய்விட்டது. நான்கு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பியபோது, காரமிஹோவ் அவள் இடத்தில் நின்றிருந்தான்.

"மூணு நிமிஷம் லேட்டு. மகாராணி உலாத்திட்டு வர்றீங்களோ?"

"டாக்டர் சீட்டு அன்னிக்கே குடுத்தேனே சார். கொட்டகையிலயே வச்சுக்க விடுங்க. அவங்கல்லாம் அங்கதானே பிடிக்கிறாங்க?"

"அவங்க பிடிக்கிறது சிகரெட்டு. அதுக்குக் கொட்டகை இருக்கு. உன் பொம்மைக்கு நான் கோயில் கட்டணுமா?"

"நான் சாகாம இருக்கப் பாக்குறேன்!"

"அதை உன் வீட்டுல பாரு. உன்னை மாதிரி சீசன் ஆளுங்க வாசல்ல நூறு பேரு நிக்கிறாங்க. ஆபீஸ் ரூமுக்கு வா."

பெண்கள் தலை நிமிரவில்லை. டோன்கா மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அலுவலக அறையில் ஜன்னல் மூடியிருந்தது. காரமிஹோவ் படிவத்தை எடுத்து, வேலைநீக்கத்துக்கான காரணம் என்ற கோட்டின்மேல், 'பணி நேரத்தில் புகைத்தது' என்று நிறுத்தி நிதானமாக எழுதினான். அவன் உதட்டுச் சிகரெட்டிலிருந்து சாம்பல் அந்த எழுத்தின்மேல் உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டு, கையெழுத்துக்காகத் தாளை அவள் பக்கம் திருப்பினான்.