இன்றைக்கு அதிகாரி வருகிறார்

கட்டடப் பாதுகாப்பு அதிகாரி எந்த நாளில் எந்தக் கட்டடத்தைச் சோதிக்கப் போகிறார் என்பது பரம ரகசியம். அவருக்கும் அவருடைய ஜீப் டிரைவருக்கும் மட்டுமே தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் இன்ஜினியருக்கும் தெரியும். டிரைவர் அவருக்குப் போன் செய்துவிடுவார்.

இதற்காக டிரைவர் கை நீட்டிக் காசு வாங்கியதில்லை. தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு கொத்தனார் வேலை கேட்டார். கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கொத்தனார் பெருமையாகச் சொன்னார்: "நாலாவது மாடியில ஒத்தைப் பலகை மேல நின்னு பூசறேன் மச்சான். மேல இருந்து பாத்தா எங்க இன்ஜினியரே எறும்பு மாதிரி தெரியறாரு!"

"சாரத்துக்குக் கீழே வலை கட்டியிருப்பாங்கல்ல மாப்ளே?"

"அது அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும்தான். நீங்க போன் பண்ணினா கட்டுவாங்க. அவர் போனதும் அவுத்துடுவாங்க. செங்கல் ஏத்த இடைஞ்சலாம்."

தங்கச்சி கரண்டியோடு நின்றாள். நிறைமாதம் அவளுக்கு. "நீ போன் பண்ணிப் பண்ணித்தான் அவங்களுக்குப் பயமே விட்டுப் போச்சு, அண்ணே."

டிரைவர் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினார். தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டது புரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இன்ஜினியருக்குப் போன் செய்தார். "சார், இன்னைக்கு வர்றார்."

வலை ஏறியது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் வெளியே வந்தன. அதிகாரி வரவில்லை. அவர் பாவம், அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமையும் போன் போனது. புதன்கிழமையும். "கடவுளே, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் டிரைவர் ஒவ்வொரு நாளும் எண்ணை அழுத்துவார். பொய் சொல்லும்முன் மன்னிப்புக் கேட்கிற மனிதனைக் கடவுள் ரொம்பக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

வராததற்குக் காரணமும் சொல்ல வேண்டுமே! ஜீப் வாரத்துக்கு மூன்று முறை பஞ்சரானது. மற்ற நாட்களில் அதிகாரிக்கு வயிற்று வலி.

மூன்றாவது வாரம் இன்ஜினியர் கேட்டார்: "ஏம்ப்பா, உங்க அதிகாரிக்கு வயிறுன்னு ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கா?"

"இருக்கு சார். கொஞ்சம் தேவலை."

"என் காதுல பூ சுத்தாதே. நாளைக்கு நீ போன் பண்ணி அவர் வரலைன்னா, சாயங்காலம் உன் மாப்பிள்ளை மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

மறுநாள் காலை டிரைவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். பேசினால் வேலை போகும். பேசாவிட்டால் வலை இருக்காது. வேலை போனால் வேறு தேடலாம்.

"சார், இன்னைக்குக் கட்டாயம் வர்றார்."

பதினோரு மணிக்கு இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது.

"உங்க அதிகாரி வரலை."

"சார்..."

"உன் மாப்பிள்ளைதான் வந்தான். நாலாவது மாடியிலேருந்து. பலகை சறுக்கிடுச்சு." ஒரு பெருமூச்சு. "வலையில கிடந்தான். முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். நானே கைபிடிச்சு இறக்கினேன்."

அன்று மாலை டிரைவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது கொத்தனார் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார். "அந்த வலைக் கயிறு எவ்வளவு சொரசொரப்பு தெரியுமா மச்சான்? உங்க அதிகாரிகிட்ட ஒரு புகார் குடுக்கணும்!" தங்கச்சி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மருந்து தடவினாள்.

மறுநாள் டிரைவர் போன் செய்யவில்லை. குட்டு வெளிப்பட்ட பிறகு என்ன சொல்வது? ஏழு மணி தாண்டியது. ஏழு ஐந்துக்கு அவர் போன் அடித்தது. இன்ஜினியர்.

"என்னப்பா, இன்னும் உன் போனைக் காணோம்? ஆளுங்க கீழேயே நிக்கறாங்க. இன்னைக்கு அதிகாரி வர்றாரா, இல்லையா?"

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

"வர்றார் சார்."

"அப்படிச் சொல்லு" என்றார் இன்ஜினியர். "டேய், வலையைக் கட்டுங்கடா!"