உள்பக்கத்துப் பொத்தான்கள்

கரித்துணியால் பிடித்துத்தான் டீப் பாத்திரத்தை இறக்கினாள். இருந்தும் கை சுட்டுவிட்டது. பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்துவிட்டுத் துணியை விரித்துப் பார்த்தாள். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகி ஓட்டை விழுந்திருந்தது. மேல்துணி பழுப்பு. ஓட்டைக்குள்ளே மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் ஒரு நீலக் குடை, பாதி.

"டீ என்னாச்சு? வந்தவங்க தொண்டை காஞ்சு உக்காந்திருக்காங்க" என்று கூடத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. துக்க வீட்டில் யாரும் சொல்லாமலே பொறுப்பெடுத்துக்கொள்கிறவள்.

"கை சுட்டிருச்சு அத்தை."

"சுடாம என்ன பண்ணும்? வராத வீட்ல எது சூடு எது சில்லுன்னு எப்படித் தெரியும்?"

அவள் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். விடிவதற்கு முன்பே போய்விட்டாளாம். தம்பி போன் செய்து, இவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உடம்பு துடைத்து, உடை மாற்றி, எல்லாம் ஆகியிருந்தது. எடுத்துப்போக வண்டி வர வேண்டியதுதான் பாக்கி.

ஒன்பது வருஷம் ஆகிறது. அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு ஒற்றைப் பையோடு இதே வாசலில் வந்து நின்றாள். அப்பா கதவை முழுக்கத் திறக்கவில்லை. "அங்கதான் இருந்திருக்கணும்" என்றார். பிறகு, "உன் துணி ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றார். அவருக்குப் பின்னால் தையல் மெஷினில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வாயில் வரிசையாகக் குண்டூசிகள். தைக்கும்போது அம்மா எப்போதும் அப்படித்தான், உதட்டுக்கு நடுவில் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள். அன்று அவள் குண்டூசிகளைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் தம்பி போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் துணியெல்லாம் கால்மிதியாயிடுச்சுக்கா." அவன் சிரித்த சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. இந்த வீட்டில் உள்ளே வருகிறவன் போகிறவன் எல்லாம் தன் மேல் காலைத் துடைக்கிறான் என்ற நினைப்போடுதான் ஒன்பது வருஷமும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய் குழாயாக எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் காலையில் வாசல் கால்மிதியை மிதிக்காமல் தாண்டி வந்தாள். அத்தை அதையும் பார்த்துவிட்டாள். "என்னமோ பள்ளத்தைத் தாண்டுற மாதிரி" என்றாள்.

டீயை எடுத்துப்போகத் தம்பி வந்தபோது அவள் கரித்துணியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்த மஞ்சள் என் துணி. எல்லாம் கால்மிதியாச்சுன்னு சொன்னியே. நீ பாத்தியா?"

"இப்ப இதுதான் முக்கியமாக்கா?"

"பாத்தியா இல்லையா?"

"அப்பா எரிக்கச் சொன்னாரு. எரிச்சா நாத்தம், வெட்டிக் கால்மிதி தச்சிடறேன்னு அம்மா சொல்லிச்சு. காலுக்குக் கீழ போறதுன்னா அவருக்கு வேற என்ன வேணும், சரின்னுட்டாரு. நான் எங்க போய்ப் பாக்கறது? அம்மாவோட துணிமூட்டைப் பக்கம் போனாலே எனக்குத் தும்மல்." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் வாசலுக்குப் போய்க் கால்மிதியைக் குனிந்து பார்த்தாள். கெட்டியான காக்கி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில் அப்பா போட்ட கால்சட்டைகள். ஓரத்தில் தம்பியின் பள்ளிக்கூடச் சட்டை. புரட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் காக்கிதான். மஞ்சள் எங்கேயும் இல்லை.

திரும்பி வந்தபோது அத்தை, அம்மா கிடந்த அறையில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்குல கிடந்தது. உங்கப்பா எல்லாத்தையும் குப்பை வண்டியில போடச் சொல்லிட்டாரு. இந்தத் தலகாணியும்தான். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, மனுஷி ஒரு புதுத்துணி வாங்கலையே இந்த வீட்டுக்கு!"

"அதைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க அத்தை."

அந்தக் குரலை அத்தை எதிர்பார்க்கவில்லை. தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

உறை, தையற்கடையில் மிஞ்சும் சாம்பல் நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. பொத்தான்களைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். உள்ளே இன்னொரு துணி. இழுத்துப் பார்த்தாள். பச்சைக் கோடு போட்ட அவளுடைய சட்டை. அதன் பக்கத்தில், கல்லூரி ஆய்வகத்துக்குப் போட்டுப் போன வெள்ளைக் கோட்டின் முதுகு. அமிலம் தெறித்த பழுப்புப் புள்ளிகூட அப்படியே.

ஜன்னல் திரையைப் புரட்டினாள். உள்பக்கம் நீலப் பாவாடை. மெஷின் மேல் போர்த்தியிருந்த உறையைத் தூக்கினாள். உள்ளே அவளுடைய பள்ளிச் சீருடை. தண்ணீர்ப் பானையின் மூடுதுணி, ரேடியோவின் உறை. வீடு முழுக்க வெளியே சாம்பலும் பழுப்புமாக இருந்தது. உள்ளே அவள் இருந்தாள்.

கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலையணை உறையின் உள்பக்கத்தில் ஏதோ விரலில் இடறியது. பொத்தான். வெளியே நான்கு, உள்ளேயும் நான்கு. உள்ளே இருப்பவை வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள். உள்பக்கத்தில் யாருக்குப் பொத்தான்? அம்மா தப்பாகத் தைக்கிறவள் இல்லை. தையலைத் தடவிப் பார்த்தாள். பிசிறு ஒன்றுகூட வெளியே இல்லை. வெட்டிய ஓரங்களையெல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே மடித்து அடைத்திருந்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுதான் மேல்பக்கம்.

உறையை மடமடவென்று திருப்பினாள். தலையணையை நுழைத்துப் பொத்தான்களைப் போட்டாள். கச்சிதமாக நின்றது. திருப்பிப் போடுவதற்கென்றே தைத்த உறை.

ஆனால் பச்சை புதிதாக இருந்தது. வெயில் படாத பச்சை. சாம்பல் பக்கம் துவைத்துத் துவைத்து நைந்திருந்தது. ஒருநாள்கூடத் திருப்பிப் போடவில்லை.

கூடத்துக்கு வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்றாள். வாய் மூடியிருந்தது. இன்று அதில் குண்டூசி இல்லை. எட்டுப் பொத்தான் தைக்கத் தெரிந்தவளுக்கு, உறையைத் திருப்பிப் போட எத்தனை நேரம் ஆகும்? அவள் அப்பாவோடு சண்டை போட வேண்டாம். கத்த வேண்டாம். ஒரு துவைத்த நாளில், மறந்தாற்போல, திருப்பிப் போட்டிருக்கலாமே. தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் போனில் உளறியிருப்பானே.

"அழுதுடு" என்று அத்தை தோளைத் தொட்டாள். "உள்ளயே வச்சுக்காத."

"உள்ளயே வச்சுக்கறதுக்கு இந்த வீட்ல எனக்கா சொல்லித் தரணும்" என்றாள். அத்தைக்குப் புரியவில்லை. துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் தேய்ந்ததிலிருந்து அவருக்கு அதுதான் இடம். வேறு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அடியில் அம்மா தைத்த மெத்தை. மங்கிய பழுப்பு. காலையிலிருந்து மகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் தம்பியிடம்தான் கேட்டார்.

"அவ எப்பக் கிளம்பறாளாம்?"

"இருக்கட்டும்பா, இன்னிக்குத்தானே..."

"கேட்டேன். அவ்வளவுதான்."

அவள் மெத்தையைப் பார்த்தாள். சட்டை இருக்கிறது, பாவாடை இருக்கிறது, கோட் இருக்கிறது. குடைத்துணியில் ஒரு துண்டு கரித்துணிக்குள் போனது. மிச்சம் எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நின்று காத்திருந்தாள். நாற்காலியில் இருப்பவர் எழுந்திருக்க வேண்டும்.

வண்டிக்காரர் தெருமுனையில் நின்று வழி கேட்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிக் கைகளை ஊன்றி, முனகிக்கொண்டே அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

அவள் ஓடவில்லை. நடந்துபோய் மெத்தையை எடுத்தாள். அவர் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது. பொத்தான்களைக் கழற்றினாள், உறையை உருவினாள், திருப்பினாள்.

"சாவு வீட்ல என்னடி மெத்தையைத் திருப்பிக்கிட்டு?" என்றாள் அத்தை.

"இந்தப் பக்கம் அழுக்காயிடுச்சு அத்தை. அழுக்கு உள்ள போகட்டும்."

மஞ்சள் மேலே வந்தது. நீலக் குடைகள் வரிசை வரிசையாக. அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அப்பாவே கடையில் நின்று எடுத்த துணி. "குடை போட்டிருக்கு, மழைக்கும் ஆச்சு" என்று கடைக்காரரிடம் சொல்லித் தானே சிரித்தார். கடைசிப் பொத்தானைப் போட்டு மெத்தையை நாற்காலியில் வைத்தாள்.

அப்பா திரும்பி வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

அவள் நிமிர்ந்து நின்றாள். கேட்கட்டும். எத்தனையோ ராத்திரி தனியாகப் படுத்து ஒத்திகை பார்த்த பதில்கள் நாக்கு நுனியில் இருந்தன. வந்தவர்கள் முன்னால், அம்மாவின் முன்னால், ஒன்று விடாமல் சொல்லிவிடலாம். அவர் திட்டினால் போதும்.

அவர் திட்டவில்லை. மெத்தையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்களேன் அண்ணே, கால் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அத்தை. அவர் பிடியை விடவில்லை.

அவரோடு வேலை பார்த்த கனத்த மனிதர் ஒருவர் வந்தார். கால்மிதியில் காலைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, அம்மாவைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றார். பிறகு காலியாக இருந்த பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனார்.

"அதுல வேணாம்" என்றார் அப்பா.

"ஏன், கால் ஆடுதா?"

"இல்ல. அதுல வேணாம்."

தம்பி பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு கொண்டுவந்து போட்டான். வந்தவர் ஒன்றில் உட்கார்ந்தார். மற்றது காலியாகக் கிடந்தது. அப்பா நின்றார். முழங்கால் நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது.

வண்டி வந்தது. "வழியில நாற்காலி இருக்கு, எடுத்துடுங்க" என்றார் வண்டிக்காரர். தம்பி வருவதற்குள் அப்பாவே குனிந்தார். இரண்டு கையாலும் நாற்காலியைத் தூக்கினார். மெத்தை சரியப் பார்த்தது. பிடிக்க மூன்றாவது கை இல்லை. முகவாயை அதன் மேல் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, மெஷின் இருந்த அறைக்குள் கொண்டுபோனார். கன்னம் குடைகளின் மேல் கிடந்தது.

அவள் அதைப் பார்த்தாள். நாக்கு நுனியில் இருந்ததெல்லாம் அங்கேயே இருந்தது.

அம்மாவைத் தூக்கினார்கள். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். வாசலுக்கு வந்ததும் அவள் கால்மிதியின் மேல் ஏறி நின்றாள்.

"வெளிய போறப்ப யாராச்சும் கால் துடைப்பாங்களா? நகரு" என்றாள் அத்தை.

அவள் நகரவில்லை. அப்பாவின் காக்கித் துணியில் வலது காலைத் தேய்த்தாள். அப்புறம் இடது கால். பிறகு மறுபடி வலது காலை அதிலேயே வைத்தாள்.