உவர்க் கிணற்றுத் தேத்தண்ணீர்

எண்பத்துநாலாம் ஆண்டுக் கோடையில் சரவணைக் கிராமத்து இலட்சுமிப்பிள்ளையின் தோட்டக் கிணறு உவராகிப் போனது. வெங்காயம் நுனி கருகி நின்றது. மழைநீரை மறித்து நிலத்துக்குள் இறக்க ஓர் அணை கட்டினால் கிணறு தேறும். கட்டாவிட்டால் அடுத்த போகத்துக்குத் தோட்டமே இல்லை. "அரசாங்கம் உதவி குடுக்குதாம்" என்று அவளுடைய கணவர் தம்பு சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். எங்கே கொடுக்கிறார்கள் என்பது அவருக்கு வேண்டாத விஷயம்.

அலைந்தவள் இலட்சுமிப்பிள்ளைதான். ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் பட்டணத்துக்குப் போகச் சொன்னார். பட்டணத்தில் ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது, அந்த மேசைக்காரர் லீவு. வெயில் குடித்து, பஸ்ஸில் இடிபட்டு, கடைசியில் கனகசபை என்ற உத்தியோகத்தரைப் பிடித்தாள்.

"உவர்க் கிணறுகளுக்குத்தான் உதவி. வந்து தண்ணியைக் குடிச்சுப் பாத்துத்தான் எழுதுவன்" என்றார் அவர்.

சொன்னபடியே வந்தார். வியர்வை வழிய விறாந்தைக் கதிரையில் இருந்து, "கிணத்துத் தண்ணி கொஞ்சம் தாங்கோ அக்கா" என்றார். இலட்சுமிப்பிள்ளை குசினிக்குள் ஓடினாள். வீட்டுக்கு வந்தவருக்கு உவர்த் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் அந்த ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. கோயில் கிணற்றில் விடியவே அள்ளிவந்த தண்ணீரை அவள் கை தானாகச் செம்பில் வார்த்துவிட்டது.

கனகசபை குடித்து முடித்தார். "அருமையான தண்ணி. இதுக்கு உதவி தர ஏலாது" என்று எழுந்தார்.

அவள் வழியை மறித்து நின்றாள். "ஐயோ, அது கோயில் தண்ணி ஐயா. பழக்கத்திலை தந்திட்டன்."

"அப்ப உங்கடை கிணத்துத் தண்ணியைக் காட்டுங்கோ."

கிணற்றடியில் அவர் பார்த்திருக்க அள்ளினாள். அவர் வாளிக்குக் கையை நீட்ட, சட்டென்று பின்னால் இழுத்தாள். "வெறுந்தண்ணியாய்த் தர எனக்கு மனம் வரேல்லை. தேயிலை போட்டுத் தேத்தண்ணியாய்த் தாறன்."

தம்பு குசினி வாசலில் நின்று, "சீனியைக் குறைச்சுப் போடும், உப்புத் தெரியாமல் போயிடும்" என்று கிசுகிசுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் விருந்தாளிக்குச் சீனி குறைத்துக் கொடுத்தவள் என்ற பெயரை அவளால் தாங்க முடியாது. தாராளமாகவே அள்ளிப் போட்டாள். போட்ட பிறகுதான் பயம் பிடித்தது. தோட்டத்தைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டோமோ என்று எண்ணியபடியே தேத்தண்ணீர்ப் பேணியை நீட்டினாள்.

கனகசபை ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிக்கொண்டு போனது.

"சீனி போட்டும் இப்பிடியோ?"

"ஓம் ஐயா. தாங்கோ, வெளியிலை ஊத்திவிடுறன்."

அவர் பேணியை விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிமட்டும் குடித்துவிட்டு வெறும் பேணியை நீட்டினார்.

"எனக்கும் ஊர் பக்கத்துப் புளியங்கூடல்தான். தந்ததை மிச்சம் விட்டால் அம்மா ஏசுவா" என்றார். "மாரிக்கு முந்தி அணையைக் கட்டுவம் அக்கா."

இலட்சுமிப்பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பேணியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.