கீழ் வரியில் மூன்று குண்டுகள்

1

இந்தக் கதை ஒரு பெயர்ப்பலகையிலிருந்து பிறந்தது. மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழையும் எங்கள் ஃபியோர்டுக் கரைச் சாலையில் ஊர்ப்பெயர் நார்வே மொழியில் ஒரு வரி, அதன் கீழே வடக்கின் பூர்வகுடிகளான ஸாமிகளின் மொழியில் ஒரு வரி. அந்தக் கீழ் வரிக்காகப் பதினோரு வருஷம் மனு எழுதியவள் என் அக்கா ரவ்னா. பலகை நட்ட மறுநாளே அந்த வரியை மட்டும் யாரோ சுட்டிருந்தார்கள்.

முதல் தொடக்கம்: "தெற்கிலிருந்து வேட்டைக்கு வந்த எவனோ ஒருவன்..." (அடித்துவிட்டேன். எவ்வளவு சரளமாகப் பொய் வருகிறது எனக்கு.)

இரண்டாம் தொடக்கம்: "சுட்டது யாரென்று ஊரில் எவருக்கும்..." (இதுவும் வேண்டாம்.)

சுட்டது நான்.

2

வீட்டுக்குள் ஸாமி, வாசலைத் தாண்டினால் நார்வே மொழி என்று வளர்ந்தவன் நான். நம் ஊரில் ஸாமிகளே கிடையாது என்று படகுத்துறையில் முப்பது வருஷம் சாதித்திருக்கிறேன். பலகை வந்த அன்று, காப்பிக் கோப்பையோடு ஒருவன் கேட்டான்: "உன் கலைமானெல்லாம் எப்ப வருது, ஈசாக்?" ஸாமி என்றாலே கலைமான் மேய்ப்பவன் என்பது துறையில் பழைய கேலி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

3

பழி ஹால்வர் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர். பலகை வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசிய ஒரே ஆள். அக்காவும் அவரும் இருபது வருஷமாக ஒரே பரணில் காட் மீன் காயவைத்தவர்கள். அக்கா தன் மீனையெல்லாம் இறக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் என்னிடம் வந்தார்.

"வேணாம்னு பேசினது நான்தான்பா. சுட்டது நானில்ல. நீ சொன்னா உங்கக்கா கேப்பா."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. (ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு கோழைத்தனம் பொருந்துமா என்று எழுத்தாளன் யோசிக்கவேண்டிய இடம். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.) வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஹால்வர் ஊரைவிட்டே போகிறார்.

4

ஸாமியில் எனக்கு எழுத வராது. நார்வே மொழியில் நான் எழுதும் கதைகளை ஸாமிக்கு மொழிபெயர்ப்பவள் அக்காதான். நேரில் சொல்லத் துப்பில்லாமல், மேலே உள்ள மூன்று பகுதிகளையும் அவளிடம் கொடுத்தேன். இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் என்னை அறைகிறாள். இன்னொன்றில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஹால்வர் வீட்டுக்குப் போகிறாள்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"அந்த ஹால்வர் பண்ணினத உன் தலைல போட்டுக்கிட்டு எழுதியிருக்கியே தம்பி. யாருக்குடா வரும் இந்த மனசு?"

"அக்கா, அது..." என்றேன். அதற்குமேல்

5

இன்று வியாழன். மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது, அழகாக வந்திருக்கிறது என்கிறாள். இனி நான் என்ன எழுதினாலும் அதையும் கதை என்பாள். வாயால்தான் சொல்லவேண்டும். உங்களில் யாராவது அவளிடம் சொல்லிவிட்டால் தேவலை. பாருங்கள், இதையும் உங்கள் தலையில்தான் கட்டுகிறேன்.