இலை நுனியில் ஒரு தூண்டில்

பானை கொதிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் கால் மணி நேரம்தான். பதினொரு வயிறுகள் காத்துக் கிடந்தன.

தொண்ணூறாம் ஆண்டு, கார்த்திகை மாதம். சண்டைக்குத் தப்பிக் குடும்பிமலை அடிவாரக் காட்டில் ஒதுங்கியிருந்த மூன்று குடும்பங்களுக்கு இரண்டு நாளாய் ஒரு பிடி அரிசியில்லை. அன்று காலை ஒரு கடகம் நிறையக் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டி வந்தவன் இளையதம்பி. நாவற்குடாவில் வாவியே கதியென்று கிடந்த மீன்காரன், மண் தோண்டும் அலவாங்கு பிடித்த முதல் நாளே இப்படியா! மனைவி புஸ்பம் பார்த்த பார்வையில் அவன் நெஞ்சு ஒரு சாண் அகன்றிருந்தது.

அந்த நேரம் பார்த்தா அன்னப்பிள்ளை வரவேண்டும்! கூட ஒதுங்கியிருந்தவள், வாகரைப் பக்கத்தில் காடு வெட்டிப் பயிர்செய்யும் சேனைக்காரி. கடகத்தில் மிஞ்சிக் கிடந்த கிழங்கொன்றை எடுத்தவள் முகம் மாறியது.

"பானையை இறக்கு புஸ்பம். ஒருத்தரும் வாயில வைக்கப்படாது."

"ஏன் அக்கா, உங்கட பங்கு காணாதோ?" என்று சிரித்தான் இளையதம்பி.

"வளைவப் பாரு தம்பி, கலப்பை மாதிரி. இது கார்த்திகைக் கிழங்கு. அவிச்சாலும் நஞ்சு போகாது."

"கார்த்திகைப் பூவ எனக்குத் தெரியாதா? நான் தோண்டின இடத்தில ஒரு பூவும் இல்ல."

"பூவத் தெரியும், சரி. கிழங்கத் தெரியுமா? இடத்தக் காட்டு. நான் சொன்னது பிழையெண்டா என்ர பங்கையும் நீயே தின்னு."

பசியில் அவன் மகள் விசும்பினாள். இளையதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

தோண்டிய குழிகளின் மேலே பற்றை. அதில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடந்தன. அகன்ற இலைக் கொடியை அன்னப்பிள்ளை ஒதுக்கினாள். "இது வள்ளி." மற்றதைச் சுட்டினாள். "இதின்ர இலை நுனியப் பாரு."

பார்த்தான். நீண்ட இலை, நுனி சுருண்டு ஒரு சுள்ளியைக் கவ்விப் பிடித்திருந்தது. அசல் தூண்டில் முள்! இருபது வருடமாய் அவன் கைபட்ட அதே வளைவு. எத்தனையோ மீனுக்கு அவன் போட்ட தூண்டிலை இன்றைக்கு ஓர் இலை அவன் வீட்டுக்கே போட்டிருந்தது.

கொடியோடு அவன் கண் ஏறியது. மேலே, மேலே... உச்சிக் கிளையில் நெருப்பு! தலைகீழாய்த் தொங்கி, இதழ்களை மட்டும் மேல்நோக்கி வீசிய, காந்தள் என்னும் கார்த்திகைப் பூக்கள். விரிந்தவுடன் மஞ்சள், முதிர்ந்ததும் குங்குமச் சிவப்பு. காலையில் மண்ணையே பார்த்துத் தோண்டியவன், ஒரு தரமும் அண்ணாந்து பார்த்திருக்கவில்லை.

"என்ன வடிவு!" என்றான், தன்னை மறந்து.

"வடிவுக்கென்ன குறை? பானை என்ன ஆச்சுதோ?"

திடுக்கிட்டான். ஓடினான். முள் கிழித்தது தெரியவில்லை.

பானை நிலத்தில் இருந்தது. மூடியின்மேல் கல். பக்கத்தில் அகப்பையோடு காவலிருந்தாள் புஸ்பம்.

"இறக்கிட்டியா? அப்ப, என்னை நம்பல்லயா?"

"மீனெண்டா உங்கள நம்புவன்" என்றாள் அவள். "இது கிழங்கெல்லே?"

இளையதம்பி அலவாங்கை எடுத்தான். குழி வெட்டிக் கிழங்கைப் பானையோடு கவிழ்த்து மூடினான். பிறகு அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்னால் வந்துசேர்ந்த அன்னப்பிள்ளையிடம் திரும்பினான்.

"நீங்க கொடியக் காட்டுங்க அக்கா. நான் தோண்டுறன்."