சிவப்பு மிதவைக்கு அந்தப் பக்கம்

அந்தக் குழுவில் எல்லாருக்கும் முன்னால் ஆளுக்கொரு பலகை வைத்திருந்தார்கள். துறைமுகம், கப்பல் கம்பெனி, மீன்வளம், சுற்றுச்சூழல் என்று அவரவர் பார்க்கும் வேலை அதில் எழுதியிருக்கும். மேசையின் கடைக்கோடியில், ஏசிக் காற்று நேராக உச்சந்தலையில் இறங்கும் இடத்தில் இருந்த பலகையில் மட்டும் 'இளைஞர்' என்று எழுதியிருந்தது. இளமையாக இருப்பதும் ஒரு உத்தியோகம் என்று அதன் பின்னால் போய் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சம்பளம் கிடையாது, டீ உண்டு.

கடலுக்கும் துறைமுகத்துக்கும் சேர்த்து ஒரு புதுக் கொள்கை எழுதுவதற்கான குழு அது. பணம் கொடுக்கும் வெளியாட்கள், இளைஞர் ஒருவரும் உட்கார்ந்து கடைசியில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஊரெல்லாம் இளைஞரைத் தேடினார்கள். கடல் படிப்பு படித்துவிட்டு, துறைமுக ஆய்வுக்கூடத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்தவள் பக்கத்திலேயே இருந்தாள். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவளை விட்டுவிட்டு வெளியூருக்கா போவார்கள்? படகுத்துறையில் அன்றிலிருந்து அவள் பெயர் 'கமிட்டி'. "என்ன கமிட்டி, இன்னைக்கு லீவா?" என்று கேட்பார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

படகுத்துறை அவளுடைய அப்பாவின் இடம். அவர் லாஞ்ச் என்கிற சின்ன எஞ்சின் படகு ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோவார், கரைக்கு வர வேண்டிய மாலுமிகளை ஏற்றிவருவார். அம்மா இல்லாத வீடு. அப்பாவும் மகளும்தான். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை, ஆனால் பேசாமல் இருக்கிற ஆளும் இல்லை. சாப்பிடும்போது ஒவ்வொரு கப்பலின் சமையல்காரனைப் பற்றியும் ஒரு கதை வைத்திருப்பார்.

இப்போது அந்தக் கதைகள் நின்று மாதக்கணக்காகிறது. காரணம் அவள்தான். குழுவில் அவள் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு விதி.

அதை அவள் சும்மா எழுதிவிடவில்லை. படிக்கிற காலத்தில் அந்தக் கப்பல்களுக்கு அடியில் முங்கிப் பார்த்திருக்கிறாள். கீழே கடற்புல் மேடு, கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. மீன்குஞ்சுகள் விரல் நகத்தளவில் அதற்குள் பதுங்கித்தான் வளரும். காற்று திசை மாறும்போது மேலே கப்பல் திரும்பும், கீழே நங்கூரச் சங்கிலி அரைவட்டமாக இழுபடும். சங்கிலி போன இடத்தில் மொட்டை மணல். ஒரு தடவை சிரைத்துவிட்டால் அந்தப் புல் எளிதில் திரும்பி வராது. தண்ணீருக்கு அடியில் அழ முடியாது என்பார்கள். முடியும், முகக் கண்ணாடிக்குள் தேங்கும், அவ்வளவுதான்.

ஆகவே அவள் எழுதினாள்: கப்பல்கள் இனிமேல் புல் மேட்டைத் தாண்டி, மூன்று மைல் வெளியே தள்ளித்தான் நங்கூரம் போட வேண்டும்.

அவள் சொன்ன மற்றதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இதை மட்டும் படித்ததும் குழுவே நிமிர்ந்து உட்கார்ந்தது. முதலில் கைதட்டியவர் கப்பல் கம்பெனிப் பலகைக்குப் பின்னால் இருந்த கோட்டுக்காரர். தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாருங்க, சின்னப் பொண்ணு எவ்வளவு தூரம் யோசிச்சிருக்கு" என்றார். போட்டோ எடுத்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் படகுத்துறைக்கு ஓடியே போனாள்.

அப்பாவும் இன்னும் நாலைந்து லாஞ்ச்காரர்களும் இருந்தார்கள். மூச்சு வாங்கச் சொன்னாள்.  ஒருவர், எஞ்சின் மூடியில் உட்கார்ந்திருந்தவர், "மூணு மைல்னா எங்கம்மா வருது? சிவப்பு மிதவைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

 அந்தப் பக்கம். நன்றாகவே அந்தப் பக்கம். லாஞ்ச்களுக்குச் சிவப்பு மிதவை வரைக்கும்தான் பர்மிட். அதைத் தாண்டினால் பிடித்து வைத்துவிடுவார்கள். பால்குடி மறந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. இந்தத் துறையில் யாரும் கடலை மைலில் பேசியதில்லை. பச்சை மிதவை, உடைந்த மிதவை, சிவப்பு மிதவை என்றுதான் பேச்சு. அவளும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தாள். கல்லூரியில் மைல் கற்றுக்கொண்டாள், மிதவையை எங்கேயோ வைத்துவிட்டாள். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தபோது, அந்தக் கோடு தன் அப்பாவின் பிழைப்புக்கு வெளியே விழுகிறது என்று கை உணரவில்லை. லாஞ்ச்காரன் மகள் படித்தால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வேறு யாருக்கும் வராது.

கோட்டுக்காரர் ஏன் கைதட்டினார் என்பதும் அந்த நிமிஷமே விளங்கியது. அவருடைய கம்பெனிக்கு நடுக்கடல் வரை போகிற பெரிய படகுகள் இருக்கின்றன.

அப்பா கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டார், லாஞ்சுக்குள் இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், இரண்டு பேர் குடியிருக்கும் ஆளில்லாத வீடாக இருந்தது. அலமாரியில் லாஞ்ச்காரர்களின் ரேடியோ ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கடலில் இருக்கும்போது அப்பா அதில் யாரையும் கூப்பிடாமல் பொதுவாகச் சொல்வார்: "இன்னைக்கு லேட்டாகும்." பெற்ற மகளுக்குச் செய்தி அப்படித்தான் வந்தது, துறையில் இருக்கும் எல்லா லாஞ்சுக்கும் சேர்த்து. அவள் தனியாக உட்கார்ந்து அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். 'கமிட்டி' என்று கூப்பிடுவதையும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். வேலை செய்யும் இடத்தில் பேசலாமென்றால் பாட்டில்களுக்குக் காது கிடையாது.

கொள்கையில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. அவள் ஒரே ஒரு வரியை எழுதிக்கொண்டு போனாள்: 'கப்பல்கள் தள்ளிப்போகும் தூரத்துக்கு லாஞ்ச்களின் பர்மிட்டும் நீட்டிக்கப்படும்.'

தலைவியம்மா படித்துவிட்டுப் பிரியமாகவே சிரித்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"கண்ணு, இது பர்மிட் விஷயம். அதுக்கு வேற குழு இருக்கு."

"அந்தக் குழுவுல இளைஞர் யாரும்மா?"

"அதுல இளைஞருக்கு இடம் இல்லையே."

கோட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே, "சின்னப் படகெல்லாம் அவ்வளவு தூரம் போறது ஆபத்து. அவங்க உயிரைப் பத்தியும் நாம யோசிக்கணும்ல?" என்றார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் அந்த அறையில் அதை யாரும் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை, தலையாட்டினார்கள்.

"அப்ப என் விதியை எடுத்துடுங்க," என்றாள் அவள்.

"அது இப்ப உன்னுது இல்லம்மா, குழுவோடது," என்றார் தலைவியம்மா. "நீ கையெழுத்துப் போடலாம், போடாம இருக்கலாம். அது உன் இஷ்டம். போடலைன்னா மொத்தக் கொள்கையும் திரும்பிப் போயிடும். மறுபடி முதல்லேருந்து வரணும். எத்தனை வருஷம் ஆகும்னு கடவுளுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் வெளியில போய் யோசிச்சிட்டு வா."

வெளியே நீளமான நடைபாதை. ஒருபுறம் பூட்டிய கதவுகள், இன்னொரு புறம் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். அதன் வழியே தூரத்தில் கப்பல்கள் தெரிந்தன. காற்று திரும்பிக்கொண்டிருந்தது. கப்பல்களின் மூக்கெல்லாம் மெல்லத் திசை மாறியது. கீழே என்ன நடக்கிறது என்று அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் கண்ணால் பார்த்துத் தெரியும். கப்பல்களுக்கு நடுவே எறும்பு மாதிரி ஒரு லாஞ்ச் போனது. அது யாருடையது என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. அப்பாவுடையது என்றே வைத்துக்கொண்டாள்.

யாரிடமாவது கேட்கலாம் என்று போனை எடுத்தாள். கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் 'ஒரு முடிவு எடுக்கணும், பயமா இருக்கு' என்று போட்டாள். ஒருத்தி இதயம் அனுப்பினாள். இன்னொருத்தி 'உன்னை நினைச்சா பெருமையா இருக்கு' என்றாள். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாட்டு இளைஞர்கள் எல்லாருக்கும் பிரதிநிதியாம் அவள். அந்த நடைபாதையில் அவளுக்குப் பிரதிநிதியாக ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"அந்த வரியைச் சேருங்க. கையெழுத்துப் போடறேன்."

பெரியவர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வரி சேர்ந்தது, வால் மட்டும் மாறியது: 'பர்மிட்டை நீட்டிப்பது குறித்துப் பரிசீலிக்கப்படும்.' பரிசீலனை என்றால் கிணற்றில் போட்ட கல் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். மூன்று மைலுக்கு மட்டும் பரிசீலனை கிடையாது, வரும் பருவத்திலிருந்தே அமல். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பச்சை மேடு ஒரு கண்ணில், அப்பாவின் முதுகு ஒரு கண்ணில். பிறகு கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் நின்றே சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்பா."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"லாஞ்சுக்காக ஒரு வரி கேட்டேன். பரிசீலிப்பாங்களாம்."

அப்பா குழாயை மூடினார். மாதக்கணக்கில் முதல் தடவையாகச் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு. "பரிசீலிப்பாங்களா? அப்ப என் காலத்துக்குப் பிறகு கிடைச்சிடும்."

"திட்டிடுங்கப்பா. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நங்கூரம் மேல ஏறும்போது பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். சங்கிலி பூராவும் பச்சையா வரும், வேரோட. அதுக்குள்ள குட்டிக்குட்டி மீனு துடிக்கும். கப்பல்காரன் தண்ணியை அடிச்சுக் கழுவிக் கடல்ல விடுவான். உன் வயசுக்கு மேல பாத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா நம்ம சோத்துல கை வைப்பாங்கன்னு தெரியும்."

அவள் மெதுவாக எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ எழுதினது தப்பா இருந்தா அன்னைக்கே நாலு அறை விட்டுட்டு மறந்திருப்பேன். சரியா எழுதிட்டியே. சரியா செஞ்ச பொண்ணை எப்படித் திட்டறது? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் முகம் இன்னும் ஏதோ சொல்ல இருப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, புல்லு முளைக்கும், மீனு வளரும். எனக்கும் சந்தோஷந்தான்," என்றார். "நான் எங்கம்மா போறது?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. படித்த பிள்ளை, ஏதாவது யோசித்து வைத்திருப்பாள் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டார்.  அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை.  அப்பா, தான் கேட்டதற்காக அவரே சங்கடப்பட்டவர்போல, தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துச் சோறு போட ஆரம்பித்தார்.