ஈக்வலைசர் வீரசிங்கம்

பிலிமத்தலாவையில் மைக்செட் வாடகைக்கு விடும் வீரசிங்கத்துக்கு, ஈக்வலைசர் வாங்கியதிலிருந்து கால் தரையில் பாவவில்லை. "மைக்செட்காரரே" என்று கூப்பிட்டவர்களை நிறுத்தி, "சவுண்ட் இன்ஜினியர்" என்று திருத்தினார்.

கறுப்புப் பெட்டி, முகப்பில் மேலும் கீழும் தள்ளுகிற சின்னச் சின்னக் கட்டைகள். இடப்பக்கம் பேஸ் என்கிற கனத்த ஓசைக்கு, வலப்பக்கம் கீச்சு ஓசைக்கு, நடுவில் மனுசக் குரலுக்கு. விற்ற கடைக்காரர் விளக்கமாகத்தான் சொன்னார். வீரசிங்கம் அந்நேரம் பெட்டியின் அழகில் லயித்திருந்தார். ஓரங்கள் இரண்டும் உயர்ந்து நடுப்பாகம் தாழ்ந்து, சிரித்த வாய் மாதிரி வைத்தால் பார்க்க லட்சணமாக இருந்தது. அப்படியே வைத்துவிட்டார்.

கண்டியில் ஒரு சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவர்தான் மைக்செட். கலஹாவிலிருந்து பாட வந்திருந்த கமலம் டீச்சர், கூட்டம் வருவதற்கு முன்னால் மைக்கில் இரண்டு வரி பாடிப் பார்த்து நிறுத்தினார்.

"அண்ணே, அண்டாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. ஒரு சொல்லும் விளங்கல. பேஸைக் கொஞ்சம் குறைங்களேன்."

"மெஷின் ஜப்பான், டீச்சர். நீங்க மிளகு ரசம் குடிச்சுப் பாருங்க."

ஆனாலும் மனம் கேட்காமல், விழா தொடங்குகிற நேரத்தில் வலப்பக்கக் கட்டைகளை உச்சிக்குத் தள்ளினார். ஸ்பீக்கர் பெட்டிகள் வீரிட்டு அலறின. முன்வரிசைப் பிரமுகர்கள் காதைப் பொத்தினார்கள். பதறிப்போன வீரசிங்கம் கைக்கு வந்த கட்டைகளையெல்லாம் அடிமட்டத்துக்கு இழுத்தார். இடப்பக்கத்துப் பேஸ் மட்டும் தப்பியது. அலறல் நின்றது. கூடவே மனுசக் குரலும் நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

பிரதம விருந்தினர் ராஜரத்தினம், மாகாண சபை உறுப்பினர், பேச எழுந்தார். வாயசைந்தது. மண்டபமெங்கும் இடி உருண்டது. "பூம்… ம்பூ… டும்" என்பதற்கு மேல் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. வத்தேகமவிலிருந்து வந்தவர்கள் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னாரென்று கை தட்டினார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனம் வீடு கட்டித் தருவதாக எடுத்துக்கொண்டு விசிலடித்தது. அவருடைய பேச்சுக்கு இப்படியொரு வரவேற்பு அதற்குமுன் கிடைத்ததே இல்லை.

அடுத்து கமலம் டீச்சர். மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஸ்டாண்டோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேடை நுனிக்கு வந்து வெறுங்குரலில் பாடினார். கடைசி வரிசை எழுந்து முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள்கூட இருமாமல் கேட்டார்கள்.

'சவுண்டுக்கு மரியாதை குடுக்கத் தெரியாத பொம்பிளை' என்று வீரசிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது.

விழா முடிந்ததும் ராஜரத்தினம் அவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் குரல்ல இவ்வளவு கம்பீரம் இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க! இனி என் கூட்டம் எல்லாத்துக்கும் நீங்கதான்."

பக்கத்தில் பையை எடுத்துக்கொண்டிருந்த கமலம் டீச்சர் நிமிர்ந்தார்.

"ஆமாண்ணே, ஐயாவுக்கு இதே செட்டிங்கையே வச்சிடுங்க. சனம் நிம்மதியா இருக்கும்."

இரண்டு ஆண்களும் பூரித்துப்போனார்கள். டீச்சர் கலஹா பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். வீரசிங்கம் செலோடேப் வாங்கி வந்து, கட்டைகள் இம்மியும் நகராதபடி பெட்டியின் முகப்பில் ஒட்டிக்கொண்டிருந்தார்.